இனிப்பு தின்றால் பிள்ளை ஆடுமா? உணவும் குழந்தையின் கவனமும்

போன மாதம் என் தங்கை மகனுக்கு எட்டாவது பிறந்தநாள். கேக் வெட்டி முடித்த பத்தாவது நிமிடம், வீட்டுக்கு வந்திருந்த பிள்ளைகள் எல்லாம் ஹாலுக்கும் மொட்டைமாடிக்குமாக ஓடிக்கொண்டிருந்தார்கள். எல்லோர் கண்ணிலும் பட்டவன் எங்கள் பையன்தான். அவனுக்கு ஏடிஹெச்டி (கவனம் நிலைக்காமையும் மிகைத்துடிப்பும் சேர்ந்த நிலை) இருப்பது சென்ற ஆண்டுதான் உறுதியானது. சோபாவில் உட்கார்ந்திருந்த உறவுக்கார அத்தை ஒருவர் என் தங்கையைக் கூப்பிட்டு, "சாக்லேட்டும் கேக்குமா கொடுத்து வளர்த்தா பிள்ளை இப்படித்தான் ஆடும். நீ வாயைக் கட்டி வளர்க்கணும்" என்றார். தங்கை ஒன்றும் பேசாமல் சமையலறைக்குப் போனாள். பின்னாலேயே போனேன். மேடைமேல் ஒரு காகிதத் தட்டு. கேக் துண்டு வைத்தது வைத்தபடி இருந்தது. ஓரத்தில் ஒரு விரல் தடம் மட்டும். "க்ரீம் பிடிக்கலைன்னு வச்சிட்டுப் போயிட்டான்க்கா. ஒரு வாய்கூடத் திங்கலை" என்றாள்.

நான் பதினேழு வருடமாகத் தொடக்கப் பள்ளி ஆசிரியை. மருத்துவர் அல்ல. ஆனால் ஓரிடத்தில் உட்கார முடியாத பிள்ளைகளையும், உட்கார்ந்தபடியே வேறெங்கோ போய்விடும் பிள்ளைகளையும் தினமும் பார்க்கிறேன். அவர்களுடைய அம்மாக்களையும் பார்க்கிறேன். பிள்ளையின் சேட்டைக்குச் சாப்பாட்டைக் காரணம் சொல்லும்போது, அந்தப் பழி யார் தலையில் விழுகிறது என்பதும் தெரியும். உணவுக்கும் கவனத்துக்கும் தொடர்பே இல்லை என்று சொல்ல வரவில்லை. தொடர்பு உண்டு. ஆனால் இனிப்புதான் காரணம் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தி சொல்கிற இடத்தில் அது பெரும்பாலும் இல்லை. தட்டில் என்ன கூடிப்போனது என்று தேடுகிறோம். என்ன குறைந்துபோனது என்று முதலில் பார்த்திருக்க வேண்டும்.

துறுதுறுப்பு வேறு, ஏடிஹெச்டி வேறு

ஐந்து வயதுப் பிள்ளை ஓடும், ஏறும், குதிக்கும், பாதியில் விட்டுவிட்டு இன்னொன்றுக்குப் போகும். அது வயசுக்கு உரியது. ஏடிஹெச்டி என்று மருத்துவர்கள் சொல்வதற்குச் சில அளவுகோல்கள் இருக்கின்றன. அந்த நடத்தை வயதுக்கு மீறியதாக இருக்க வேண்டும், ஆறு மாதமாவது தொடர வேண்டும், 12 வயதுக்கு முன்பே தென்பட்டிருக்க வேண்டும், வீடு, பள்ளி என்று ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் தெரிய வேண்டும், பிள்ளையின் படிப்பையோ பழக்கத்தையோ அது உண்மையிலேயே பாதிக்க வேண்டும். உலக அளவில் சுமார் 5 சதவீதக் குழந்தைகளுக்கு இது இருப்பதாகக் கணக்கு. இரட்டைக் குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வுகள், பிள்ளைக்குப் பிள்ளை காணும் வேறுபாட்டில் ஏறக்குறைய முக்கால் பங்குக்கு மரபணுக்கள் காரணம் என்கின்றன. அதாவது, மூளை வளர்கிற விதத்தில் உள்ள வேறுபாடு இது. எந்த அம்மாவும் ஊட்டி வரவழைத்தது அல்ல.

அப்படியானால் உணவு எங்கே வருகிறது? இரண்டு இடங்களில். ஏடிஹெச்டி உள்ள பிள்ளையின் சிரமத்தைச் சில உணவுகள் கொஞ்சம் கூட்டலாம், சில கொஞ்சம் குறைக்கலாம். அடுத்தது இதைவிட முக்கியம்: ஏடிஹெச்டியே இல்லாத பிள்ளைகூடப் பசியாலும் சத்துக்குறைவாலும் அதே மாதிரி நடந்துகொள்ளும். வகுப்பில் பார்க்கும்போது இரண்டையும் பிரித்துச் சொல்வது எனக்கே கடினம்.

சர்க்கரையைச் சோதித்த கதை

இனிப்பு பிள்ளைகளை ஆட்டிவைக்கும் என்ற நம்பிக்கை நம் ஊரில் மட்டும் இல்லை. அமெரிக்காவில் அது இன்னும் பலமாக இருந்தது. அங்கேதான் அதை முறையாகச் சோதித்தும் பார்த்தார்கள். 1994இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில், மார்க் வோல்ரைச் என்ற குழந்தை மருத்துவரும் அவருடைய குழுவினரும் செய்தது அசாத்தியமான வேலை. பங்கேற்ற குடும்பங்களின் வீட்டில் இருந்த உணவுப் பொருட்களை அகற்றிவிட்டு, வீட்டார் அனைவருக்கும் தாங்களே உணவு கொடுத்தார்கள். மூன்று வாரம் சர்க்கரை மிகுந்த உணவு, மூன்று வாரம் அஸ்பார்ட்டேம் சேர்த்தது, மூன்று வாரம் சாக்கரின் சேர்த்தது (இரண்டும் சர்க்கரை இல்லாத செயற்கை இனிப்புகள்). எந்த மூன்று வாரம் எது என்று பிள்ளைக்கும் தெரியாது, பெற்றோருக்கும் தெரியாது, அளந்து பார்த்தவர்களுக்கும் தெரியாது. பிள்ளைகளில் 23 பேர், "எங்கள் பிள்ளைக்குச் சர்க்கரை ஒத்துக்கொள்ளாது, ஆட ஆரம்பித்துவிடும்" என்று பெற்றோரே சொன்னவர்கள். முடிவில், நடத்தையிலோ கவனத்திலோ பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. அடுத்த ஆண்டு அதே வோல்ரைச், இப்படி மறைத்துச் செய்த 23 சோதனைகளை ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தார். அங்கும் அதே முடிவுதான்.

அப்படியென்றால் அம்மாக்கள் கண்ணால் கண்டது பொய்யா? இதற்குப் பதில் சொல்லும் இன்னொரு ஆய்வும் 1994இல் வந்தது. ஹூவர், மிலிச் என்ற இருவர் செய்தது. ஐந்திலிருந்து ஏழு வயது வரையுள்ள 35 பையன்கள், அவர்களுடைய அம்மாக்கள். பையன்கள் எல்லோருக்கும் கொடுத்தது சர்க்கரையே இல்லாத பானம். ஆனால் பாதி அம்மாக்களிடம் மட்டும், "உங்கள் பையனுக்கு நிறையச் சர்க்கரை கொடுத்திருக்கிறோம்" என்று சொன்னார்கள். பிறகு அம்மாவையும் பையனையும் சேர்த்து விளையாட விட்டுப் படம் எடுத்தார்கள். சர்க்கரை என்று கேள்விப்பட்ட அம்மாக்கள் தம் பையன் அதிகமாக ஆடுவதாக மதிப்பெண் போட்டார்கள். அதுமட்டுமில்லை, பையனை ஒட்டியே உட்கார்ந்தார்கள், அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், அதிகம் குறை சொன்னார்கள்.

இதைப் படித்தபோது எனக்குப் பிறந்தநாள் வீட்டு சோபா நினைவுக்கு வந்தது. பிள்ளைகள் பத்துப் பேர் கூடினால், பலூன் கட்டினால், பாட்டுப் போட்டால், கேக் இல்லாமலேயே வீடு அதிரும். கேக் அங்கே கண்ணெதிரில் இருப்பதால் அதன்மேல் பழி விழுகிறது.

இதற்காகச் சர்க்கரை நல்லது என்று சொல்லிவிட முடியாது. பல் சொத்தை, உடல் பருமன், வயிறு நிறைந்து சோறு இறங்காமல் போவது என்று அதைக் குறைப்பதற்கு வேறு காரணங்கள் போதுமான அளவு இருக்கின்றன. சேட்டையை அந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டியதில்லை, அவ்வளவுதான்.

பாக்கெட்டின் பின்பக்கம்

நிறங்களின் கதை வேறு. இங்கே சந்தேகத்துக்கு இடம் இருக்கிறது.

சான் பிரான்சிஸ்கோவில் பெஞ்சமின் ஃபைன்கோல்ட் என்ற ஒவ்வாமை மருத்துவர் இருந்தார். செயற்கை நிறங்கள், செயற்கை மணமூட்டிகள், சில பழங்களில் இயல்பாகவே உள்ள சாலிசிலேட்டுகள் என்ற வேதிப்பொருட்கள் ஆகியவற்றை நிறுத்தினால் மிகைத்துடிப்புள்ள பிள்ளைகளில் பாதிப் பேர் வரை தேறுவதாக 1970களில் அவர் சொன்னார். அமெரிக்கப் பெற்றோரிடையே அது பெரிய அலையாகப் பரவியது. பிறகு மறைத்துச் சோதித்தபோது அவர் சொன்ன அளவுக்குப் பலன் கிடைக்கவில்லை. ஆனாலும், சில பிள்ளைகளிடம் மட்டும் ஏதோ மாற்றம் தெரிந்துகொண்டே இருந்தது. அதனால் கேள்வி மூடப்படாமலே கிடந்தது.

2007இல் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் செய்த ஆய்வுதான் அதை மறுபடியும் திறந்தது. மூன்று வயதுப் பிள்ளைகள் 153 பேர், எட்டு ஒன்பது வயதுப் பிள்ளைகள் 144 பேர். இவர்கள் ஏடிஹெச்டிக்காகத் தேர்ந்தெடுத்தவர்கள் அல்ல, சாதாரணப் பிள்ளைகள். நிறங்களும் சோடியம் பென்சோயேட் என்ற பதப்பொருளும் கலந்த பழபானத்தைச் சில வாரமும், பார்வைக்கும் ருசிக்கும் அதேபோல் இருக்கும் வெறும் பானத்தைச் சில வாரமும் மாற்றி மாற்றிக் குடிக்கக் கொடுத்தார்கள். நிறம் கலந்ததைக் குடித்த வாரங்களில் சராசரியாகத் துடிப்பு கொஞ்சம் கூடியது. கொஞ்சம்தான், எல்லோரிடமும் ஒரே அளவில் இல்லை. சிலரிடம் நன்றாகத் தெரிந்தது, பலரிடம் ஒன்றுமே தெரியவில்லை. எல்லாவற்றையும் கலந்து கொடுத்ததால் எது குற்றவாளி என்று பிரித்துச் சொல்லவும் முடியவில்லை.

ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2008இல் இதைப் பரிசீலித்து, ஆதாரம் குறைவு, விளைவு சிறியது என்றது. ஆனாலும் ஐரோப்பிய ஒன்றியம், சவுத்தாம்ப்டனில் சோதித்த ஆறு நிறங்கள் சேர்த்த உணவுகளின் உறையில் 'குழந்தைகளின் செயல்பாட்டையும் கவனத்தையும் பாதிக்கக்கூடும்' என்ற பொருளில் எச்சரிக்கை அச்சிட வேண்டும் என்று 2010 ஜூலை முதல் விதித்தது. அப்படி ஒரு வாசகத்தைத் தன் பொருளின் மேல் போட எந்த உற்பத்தியாளருக்கு மனம் வரும்? பலர் நிறத்தையே மாற்றிவிட்டார்கள். கலிஃபோர்னியா மாநிலம், பள்ளிகளில் கொடுக்கும் உணவில் ஆறு செயற்கை நிறங்களுக்குத் தடை விதிக்கும் சட்டத்தை 2024இல் நிறைவேற்றியது.

சவுத்தாம்ப்டனில் சோதித்த ஆறு நிறங்கள்: டார்ட்ரசைன், சன்செட் யெல்லோ, குயினோலின் யெல்லோ, கார்மோய்சின், பான்சோ 4ஆர், அல்யூரா ரெட். இந்தியாவில் நெடுங்காலமாக அனுமதிக்கப்பட்டிருக்கும் எட்டு செயற்கை நிறங்களில் டார்ட்ரசைன், சன்செட் யெல்லோ, கார்மோய்சின், பான்சோ 4ஆர் நான்கும் இருக்கின்றன. எந்தெந்த உணவில், எவ்வளவு என்று வரம்பு உண்டு. ஆனால் ஐரோப்பாவில் உள்ளதுபோல் குழந்தைகளைக் குறிப்பிட்டு எச்சரிக்கும் வாசகம் நம் பாக்கெட்டுகளில் இல்லை.

போன வாரம் பள்ளிக்குப் பக்கத்துப் பெட்டிக்கடையில் ஐந்து ரூபாய் ஜெல்லி ஒன்று வாங்கினேன். முன்பக்கம் மாம்பழம், ஆரஞ்சு, ஸ்ட்ராபெரி எல்லாம் படமாக இருந்தன. பின்பக்கம் மடிப்புக்குள், அரிசியில் பாதி அளவு எழுத்து. செல்போன் கேமராவில் பெரிதாக்கித்தான் படிக்க முடிந்தது: அனுமதிக்கப்பட்ட செயற்கை நிறங்கள், ஐஎன்எஸ் (உணவில் சேர்க்கும் பொருட்களுக்கான சர்வதேச எண்) 102, 110, 122. அதாவது டார்ட்ரசைன், சன்செட் யெல்லோ, கார்மோய்சின். பான்சோ 4ஆருக்கு எண் 124. சோடியம் பென்சோயேட்டுக்கு 211. இந்த ஐந்து எண்களை மட்டும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிப் பர்ஸில் வைத்துக்கொண்டால் போதும்.

பாக்கெட்டில் வருவதையாவது படித்துப் பார்க்கலாம். பாக்கெட் இல்லாததைத்தான் ஒன்றும் செய்ய முடிவதில்லை. கேசரிப் பவுடர் என்ற பெயரில் சின்ன உறையில் விற்கும் நிறப்பொடியை வீட்டிலேயே ரவைக்குப் போடுகிறோம், வாங்கும்போது உறையைப் படிப்பவர் எத்தனை பேர்? சில்லி சிக்கனின் சிவப்பு இன்னொன்று. 2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் பஞ்சுமிட்டாயைத் தடை செய்தது இந்த வகைக் காரணத்துக்காக அல்ல. அதில் ரோடமின்-பி என்ற துணிச் சாயம் கண்டுபிடிக்கப்பட்டது. அது உணவில் சேர்க்க எங்கும் அனுமதியே இல்லாத நஞ்சு. கவனம், துடிப்பு என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

என் முடிவு இது. இந்த நிறங்களால் எந்தப் பிள்ளைக்கும் எந்தச் சத்தும் கிடைக்கப்போவதில்லை. ஆதாரம் சிறியதாக இருந்தாலும், விட்டுவிடுவதில் நட்டம் ஏதும் இல்லை. கடலை மிட்டாய், பொரி உருண்டை, வாழைப்பழம், அவித்த சோளம் இருக்கும்போது அந்த ஜெல்லி எதற்கு? ஆனால் அதை நிறுத்திவிட்டால் ஏடிஹெச்டி போய்விடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

பதினொரு மணிப் பிள்ளைகள்

இனி நான் உண்மையிலேயே சொல்ல வந்தது.

பெரியவர்களின் மூளை, உடலின் மொத்தச் சக்தியில் சுமார் ஐந்தில் ஒரு பங்கைச் செலவழிக்கிறது. ஐந்து வயதை ஒட்டிய பிள்ளையின் மூளை அதைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு பங்கை எடுத்துக்கொள்கிறது. அந்தப் பிள்ளை ஒரு டம்ளர் டீயும் இரண்டு வருக்கியும் தின்றுவிட்டு எட்டரை மணிக்குப் பள்ளிக்கு வந்தால் என்ன ஆகும்? ஒன்பதரை வரை ஒன்றும் தெரியாது. பத்தரைக்கு மேல் பக்கத்துப் பிள்ளையைச் சீண்ட ஆரம்பிக்கும். பதினோரு மணிக்கு வகுப்பறையில் சிலர் மேசையில் தலை சாய்ப்பார்கள், சிலர் நிற்காமல் நெளிவார்கள். எங்கள் பள்ளியில் அவர்களைப் 'பதினொரு மணிப் பிள்ளைகள்' என்போம். பசித்தால் பிள்ளை சோர்ந்து போகும் என்றுதான் நினைக்கிறோம். எரிச்சலாகவும் ஓயாத அசைவாகவும்கூட அது வெளிப்படும்.

ஜமைக்காவின் கிராமப்புறப் பள்ளிகளில் செய்த ஆய்வு ஒன்று 1998இல் வெளியானது. ஒரு பள்ளி ஆண்டு முழுக்கச் சில பிள்ளைகளுக்குக் காலை உணவு, மற்றவர்களுக்குக் கால் ஆரஞ்சுப் பழம். காலை உணவு உண்ட பிள்ளைகளின் வருகை கூடியது. சின்ன வகுப்புப் பிள்ளைகள் கணக்கில் முன்னேறினார்கள். அதே நாட்டில் அதற்கு முன் செய்த ஆய்வுகளில், காலை உணவால் உடனடிப் பலன் கண்டவர்கள் ஊட்டச்சத்து குறைந்த பிள்ளைகள்தான். நன்றாகச் சாப்பிட்டு வளரும் பிள்ளை ஒரு நாள் விட்டால் சமாளித்துக்கொள்ளும். மெலிந்த பிள்ளையால் முடியாது.

தமிழ்நாட்டில் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் முதலில் 1,545 அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்தது. அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 25 முதல் மாநிலம் முழுவதும் விரிந்தது. உப்புமா, கிச்சடி, பொங்கல், சாம்பார். இதைப் பற்றிப் பேசும்போது வருகைப் பதிவைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். எனக்குத் தெரிந்த மாற்றம் வேறு: பதினோரு மணிக்கு நெளியும் பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள். இது ஆய்வு முடிவு அல்ல, என் வகுப்பில் நான் பார்த்தது.

பலப்பம் தின்னும் பெண்

சில வருடங்களுக்கு முன் என் வகுப்பில் ஒரு சிறுமி இருந்தாள். எழுதக் கொடுத்த பலப்பம் அவளிடம் தங்கவே தங்காது. எங்கே என்று கேட்டால் தலையைக் குனிவாள். ஒரு நாள் உதட்டோரத்தில் சாம்பல் பூசியிருந்ததைப் பார்த்தேன், கடித்துத் தின்றிருக்கிறாள். சாக்பீஸ், சுவர்ச் சுண்ணாம்பு எதையும் விடமாட்டாளாம். பாடம் நடக்கும்போது பார்வை என்மேல் இருக்கும், மனம் இருக்காது. கூப்பிட்டால் இரண்டாம் முறைதான் திரும்புவாள். 'மந்தம்' என்று முந்தைய வகுப்பிலேயே பெயர் வாங்கிவிட்டாள். அம்மாவைக் கூப்பிட்டுச் சொல்லி, ஆரம்ப சுகாதார நிலையத்தில் பார்த்தபோது கடுமையான ரத்தசோகை.

பலப்பம், மண், பச்சரிசி என்று உணவல்லாததைத் தின்னும் ஆசை இரும்புச்சத்துக் குறைவின் பழகிய அடையாளங்களில் ஒன்று. 2019-21இல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 67.1 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. தமிழ்நாட்டில் 57.4 சதவீதம். இரண்டு பேரில் ஒருவருக்கு மேல்! செயற்கை நிறத்தைப் பற்றிப் பேசும் அளவுக்கு நாம் இதைப் பேசுவதில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

இரும்புக்கும் கவனத்துக்கும் என்ன சம்பந்தம்? ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமப்பது மட்டும் அதன் வேலை இல்லை. மூளையில் டோபமைன் என்ற ரசாயனம் இருக்கிறது. ஒன்றில் மனம் நிலைத்து நிற்க, 'இதை முடிக்கலாம்' என்ற உந்துதல் வர அது தேவை. ஏடிஹெச்டிக்குக் கொடுக்கும் முக்கியமான மருந்துகளே டோபமைன் கிடைக்கும் அளவைக் கூட்டித்தான் வேலை செய்கின்றன. அந்த டோபமைனை உடல் தயாரிக்கும் முதல் படியில் வேலை செய்யும் நொதிக்கு இரும்பு வேண்டும். இரும்பு குறைந்தால் அந்தப் பட்டறையே மந்தமாகிவிடும். பிரான்சில் 2004இல் வந்த ஒரு சிறு ஆய்வில், ஏடிஹெச்டி உள்ள பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு இரும்புச் சேமிப்பு குறைந்திருந்தது. எல்லா ஆய்வுகளும் இதே அளவுக்குச் சொல்லவில்லை என்றாலும், பார்த்துவிடுவது நல்லது என்பதில் பல மருத்துவர்கள் உறுதியாக இருக்கிறார்கள்.

இங்கே ஒரு நுணுக்கம். ஹீமோகுளோபின் சரியாக இருந்தாலும் இரும்புச் சேமிப்பு வற்றியிருக்கலாம். சட்டியில் சோறு இருக்கிறது, குதிரில் நெல் இல்லை என்பது மாதிரி. அந்தக் குதிரின் இருப்பை அளந்து சொல்வது ஃபெரிட்டின் என்ற ரத்தப் பரிசோதனை. காய்ச்சல், சளி இருக்கும்போது எடுத்தால் அளவு பொய்யாகக் கூடிக் காட்டும். உடம்பு தெளிந்த பிறகு எடுக்க வேண்டும். என் தங்கை மகனுக்கும் இப்படித்தான். ஹீமோகுளோபின் பரவாயில்லை, ஃபெரிட்டின் அடிமட்டத்தில் இருந்தது. இரவில் கால்களை உதைத்துக்கொண்டே புரளுவான், "கால் என்னமோ பண்ணுது பெரியம்மா" என்பான். இரும்புக் குறைவில் அப்படிக் கால் அமைதியில்லாமல் தவிப்பதுண்டு என்று மருத்துவர் சொன்னார். இரும்பு மருந்து கொடுத்துச் சில மாதங்களில் இரவுத் தூக்கம் சீரானது. தூக்கம் சீரானதும் காலை நேரச் சண்டை பாதியாகக் குறைந்தது. ஏடிஹெச்டி அப்படியேதான் இருக்கிறது. ஆனால் அதன்மேல் ஏறி உட்கார்ந்திருந்த ஒரு சுமை இறங்கியது.

இரும்புக்கு என்ன கொடுக்கலாம் என்று கேட்டால் எல்லோரும் முருங்கைக்கீரை என்பார்கள். சரிதான், ஆனால் கீரையிலும் பயறிலும் உள்ள இரும்பில் சிறு பங்கைத்தான் உடல் எடுத்துக்கொள்ளும். எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா, தக்காளி என்று வைட்டமின் சி உள்ள ஏதாவது அதே வேளையில் சேர்ந்தால் அந்தப் பங்கு கூடும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் குறையும். ஆட்டு ஈரல், சுவரொட்டி (மண்ணீரல்) போன்றவற்றில் உள்ள இரும்பு சுலபமாக உடம்பில் சேரும். ரத்தம் ஊறும் என்று சுவரொட்டியை வதக்கிப் பிள்ளைகளுக்கு ஊட்டிய பாட்டிகள் சரியாகத்தான் செய்தார்கள். இன்னொன்று பால். "சோறே திங்கமாட்டான், நாளைக்கு நாலு டம்ளர் பால் குடிச்சிடுவான், அது போதும்ல டீச்சர்?" என்று கேட்கும் அம்மாக்கள் உண்டு. போதாது. பாலில் இரும்பு மிகக் குறைவு, வயிற்றையும் நிரப்பிவிடும். சின்னப் பிள்ளைகளின் ரத்தசோகைக்குப் பின்னால் இந்தப் பால் அடிக்கடி இருக்கிறது.

பள்ளியில் வாரம் ஒரு முறை இரும்பு மாத்திரை கொடுக்கிறோம், ஆண்டுக்கு இரண்டு முறை பூச்சி மாத்திரை. கொக்கிப்புழு குடலில் இருந்தபடி ரத்தத்தைக் குடிப்பதால் இரண்டும் ஒன்றோடொன்று சேர்ந்தவை. "வேண்டாம்னு அம்மா சொன்னாங்க" என்று சில பிள்ளைகள் மறுக்கிறார்கள். தயவுசெய்து மறுக்காதீர்கள். அதே சமயம் வீட்டில் பெரியவர்களுக்கு வாங்கி வைத்திருக்கும் இரும்பு மாத்திரையைப் பிள்ளை கைக்கு எட்டாமல் வையுங்கள். மிட்டாய் என்று நினைத்து நிறைய விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. மருத்துவர் அளவு சொல்லாமல் இரும்பு டானிக் வாங்கிக் கொடுப்பதும் வேண்டாம்.

மீன் எண்ணெய், காபி, நீக்கல் உணவு

ஒமேகா 3 மாத்திரைகளைப் பற்றி நிறையக் கேட்கிறார்கள். 699 பிள்ளைகள் பங்கேற்ற பத்துச் சோதனைகளை 2011இல் தொகுத்துப் பார்த்தபோது பலன் இருந்தது, ஆனால் சிறியது. மருந்துகள் தரும் பலனுக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. வேறு சில தொகுப்புகள் அந்த அளவுக்கும் ஆதாரம் இல்லை என்கின்றன. மாதம் ஆயிரக்கணக்கில் செலவழித்து மாத்திரை வாங்குவதற்கு முன், வாரம் இரண்டு நாள் மத்தியோ நெத்திலியோ குழம்பு வைக்கலாம். கடையில் மலிவாகக் கிடைக்கும் மீனில்தான் அந்தக் கொழுப்பு நிறைய இருக்கிறது.

காபி, டீ விஷயத்தில் நம் வீடுகள் ரொம்பத் தாராளம். மாலை ஆறு மணிக்குக் குடித்த காபி ஒன்பது மணித் தூக்கத்தைத் தள்ளிப்போடும். தூக்கம் குறைந்த பெரியவர் கொட்டாவி விடுவார். தூக்கம் குறைந்த பிள்ளை பம்பரமாகச் சுற்றும். ஏடிஹெச்டி என்று சந்தேகப்பட்டு வரும் பிள்ளையிடம் மருத்துவர்கள் தூக்கத்தைப் பற்றி முதலில் கேட்பது இதனால்தான். எனர்ஜி டிரிங்க் என்று விற்பவற்றில் ஒரு லிட்டருக்கு 300 மில்லிகிராம் வரை காஃபீன் இருக்க விதி இடம் தருகிறது. குழந்தைகளுக்கு ஏற்றதல்ல என்று டப்பாவிலேயே போட்டிருக்கிறது. அதைப் படிக்காமல்தான் ஆறாம் வகுப்புப் பையன்கள் வாங்கிக் குடிக்கிறார்கள்.

கடைசியாக, நீக்கல் உணவு. கோதுமை, பால், முட்டை என்று பலவற்றை நிறுத்திவிட்டு, அரிசி, சில காய்கள், இறைச்சி என்று மிகச் சில உணவுகளோடு சில வாரம் ஓட்டி, பிறகு ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்க்கும் முறை. நெதர்லாந்திலும் பெல்ஜியத்திலும் 100 பிள்ளைகளை வைத்து 2011இல் வெளியான ஆய்வில் ஐந்து வாரத்தில் பாதிக்கும் மேற்பட்டவர்களிடம் நல்ல முன்னேற்றம் என்றார்கள். கேட்க வியப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் பிள்ளை என்ன சாப்பிடுகிறது என்பது பெற்றோருக்குத் தெரியும். அவர்கள் சொன்ன மாற்றம் பெருமளவு கணக்கில் சேர்ந்தது. சர்க்கரை அம்மாக்களின் கதையை இங்கே மறக்கக் கூடாது. உணவு எது என்று தெரியாதவர்கள் மதிப்பிட்ட ஆய்வுகளில் இந்தப் பலன் வெகுவாகச் சுருங்கிவிடுகிறது. உணவியல் நிபுணர் கூடவே இருந்து பார்க்காமல் வீட்டில் இதைச் செய்ய வேண்டாம் என்பேன். ஏற்கெனவே மெலிந்த பிள்ளையின் தட்டிலிருந்து பாலையும் முட்டையையும் எடுத்துவிட்டு எதை வைப்பது?

ஏதாவது ஒரு உணவு உங்கள் பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று உறுதியாகத் தோன்றினால், ஒரு நோட்டுப் போடுங்கள். என்ன சாப்பிட்டான், எத்தனை மணிக்கு, எத்தனை மணி நேரம் தூங்கினான், அன்று நடத்தை எப்படி என்று இரண்டு வாரம் எழுதுங்கள். முடிந்தால் நடத்தையை மட்டும் வேறொருவர், பிள்ளை என்ன சாப்பிட்டது என்று தெரியாத ஒருவர் எழுதட்டும். வகுப்பாசிரியரைக் கேளுங்கள், செய்து தருவார்கள். அந்த நோட்டு மருத்துவருக்கு மிகவும் உதவும்.

ஏடிஹெச்டிக்கு மருந்து தொடங்கிய பிள்ளைகளின் பெற்றோர் அறிய வேண்டியது ஒன்று பாக்கி இருக்கிறது. மெத்தில்ஃபெனிடேட் போன்ற மருந்துகள் பசியைக் குறைக்கும். மதியச் சாப்பாட்டு டப்பா திறக்காமலே வீடு திரும்பும். இது பிள்ளையின் பிடிவாதம் அல்ல. எங்கள் வீட்டில் கண்டுகொண்ட வழி: மாத்திரைக்கு முன் நல்ல கனமான காலை உணவு. முருங்கைக்கீரை அடை, முட்டை, கூடவே ஒரு கொய்யாத் துண்டு. மதியம் தயிர்சாதம் நாலு வாய் இறங்கினால் போதும் என்று விட்டுவிடுவோம். மாலை ஐந்தரைக்கு மருந்தின் வேகம் தணிந்ததும் பசி பொங்கிக்கொண்டு வரும். அந்த நேரத்தில் பிஸ்கட் பாக்கெட்டைப் பிரிக்காமல் இரவுச் சாப்பாட்டையே முன்னால் வைத்துவிடுகிறாள் தங்கை. ஆறு மணிக்குச் சோறும் மீன் குழம்பும் தின்னும் பிள்ளையைப் பார்த்துப் பக்கத்து வீட்டில் கேட்டார்களாம், "இந்நேரத்துக்கா?" என்று. மாதா மாதம் எடையை எடுத்து நோட்டில் குறித்துவைக்கிறாள். போன மாதம் 400 கிராம் கூடியிருந்தது.